பழைய மாருதி ஆம்னி வேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கும்பகோணத்தில் வசிக்கிறேன். 2008இல் தயாரான எட்டு இருக்கை ஆம்னி வேன் ஒன்றை 2011இல் இரண்டாவது ஓனராக வாங்கி, இன்றுவரை குடும்ப வண்டியாக ஓட்டி வருகிறேன். கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் பட்டறையிலும் இந்த வண்டியைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பழைய ஆம்னி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், வீட்டில் ஏற்கெனவே நிற்பதை விற்கலாமா என்று குழம்புபவர்களுக்கும் பயன்படும் என்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

"ஆம்னின்னா ராத்திரி ஓடுற பஸ் தானே? நீங்க எந்த வண்டியைச் சொல்றீங்க?"

தொலைதூரத் தனியார் பேருந்துகளையும் நாம் ஆம்னி என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் வருகிறது. நான் குறிப்பிடுவது, மாருதி நிறுவனம் 1984இல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வெளியிட்டு, 1988இல் 'ஆம்னி' என்று பெயர் மாற்றிய சிறிய வேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பலர் அதை மாருதி வேன் என்றே அழைக்கிறார்கள். மாருதி 800 காரில் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான் இதிலும் இருக்கிறது. காரில் அது முன்பக்கம் பானட்டுக்குள் இருக்கும். இதில் முன் இருக்கைகளுக்கு அடியில் படுத்திருந்து, பின் சக்கரங்களை ஓட்டுகிறது.

இதன் மூல வடிவம் ஜப்பானின் சுசுகி கேரி. அங்கே குறுகிய தெருக்களுக்காகவும் சிறு வியாபாரிகளுக்காகவும் வடிவமைக்கப்பட்ட வண்டி நம் ஊர்களில் குடும்ப வண்டியாக, ஆம்புலன்சாக, பால் வண்டியாக, பூ வண்டியாகப் பல வேலைகள் பார்த்தது. பாகிஸ்தானில் இதே உடல் 'பொலான்' என்ற பெயரில் 2024 வரை உற்பத்தியில் இருந்தது.

"இப்போ ஷோரூம்ல புதுசு கிடைக்குமா?"

கிடைக்காது. 2019இல் உற்பத்தி நின்றுவிட்டது. அந்த ஓர் ஆண்டுக்குள் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், ஓட்டுநருக்கான ஏர்பேக், முன்பக்க மோதல் சோதனை ஆகிய மூன்றும் ஏற்கெனவே விற்பனையில் இருந்த கார்களுக்கும் அடுத்தடுத்துக் கட்டாயமாயின. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதியும் வந்தது. ஓட்டுநரின் காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் நடுவில் ஒரு தகடும் ஒரு பம்பரும் மட்டுமே இருக்கும் இந்த அமைப்பை அந்த மோதல் சோதனைக்கு ஏற்ப மாற்றுவதென்றால் வேறொரு வண்டியைத்தான் செய்ய வேண்டியிருக்கும். எனவே இன்று ஆம்னி வேண்டுமென்றால் பழையதைத் தேடுவது ஒன்றே வழி.

"வசதி இருந்தும் புது வண்டி வாங்காம இதையே ஏன் சார் வெச்சிருக்கீங்க?"

என் அம்மாவுக்கு வயது எழுபத்தாறு. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காரில் ஏற வேண்டுமென்றால் தலையைக் குனிந்து, உடலைத் தாழ்த்தி, பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டும்; எழுந்திருக்கும்போது அதைவிடக் கடினம். ஆம்னியில் கதவு பக்கவாட்டில் நகர்ந்து முழுவதும் திறந்துவிடுகிறது. வண்டியிலேயே ஒரு சிறிய மர முக்காலி வைத்திருக்கிறோம். அதில் வலது காலை வைத்து, கதவுச் சட்டத்தை இடது கையால் பிடித்து ஏறினால், இருக்கை அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அம்மா அதில் அமர்ந்து, பிறகு மெதுவாகக் காலைத் திருப்பிக்கொள்கிறார். உறவினர்களின் புதிய கார்களில் ஏறும்போது இரண்டு பேர் தாங்க வேண்டியிருப்பவர், இதில் ஒருவர் கையைக்கூட எதிர்பார்ப்பதில்லை. இந்த வண்டியை நான் விற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர்த் தெருக்கள். ஆம்னியின் நீளம் 3,370 மில்லிமீட்டர், அகலம் 1,410 மில்லிமீட்டர். ஏழு பேர் அமரும் எர்டிகா இதைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீளம், ஓர் அடிக்கு மேல் அகலம். ஆம்னி திரும்புவதற்கு 4.1 மீட்டர் ஆரம் போதும், எர்டிகாவுக்கு 5.2 மீட்டர் வேண்டும். சாரங்கபாணி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில், ஒரு பக்கம் சைக்கிளும் மறுபக்கம் கோலமும் இருக்கும்போது, இந்த வித்தியாசத்தால்தான் வண்டி வீட்டு வாசல்வரை வருகிறது. இல்லையென்றால் தெருமுனையிலேயே அம்மாவை இறக்கிவிட வேண்டியிருக்கும். முன்னால் பானட் இல்லாததால் வண்டி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

மூன்றாவது காரணத்தை எண்ணிக்கையில் சொல்ல முடியாது. எட்டு இருக்கை வண்டியில் நடுவிலும் பின்னாலும் உள்ள இரண்டு நீள இருக்கைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கின்றன. திருநாகேஸ்வரத்துக்கோ சுவாமிமலைக்கோ போகும்போது என் பிள்ளைகளும் அக்கா பிள்ளைகளும் பாட்டியும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு வருவார்கள். புளியோதரைத் தூக்கு நடுவில் இருக்கும், இலை மடியில் இருக்கும். இந்த எதிரெதிர் இருக்கைகளில் ஒரு கடுமையான குறையும் உண்டு. அதைப் பாதுகாப்பு பற்றிய கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

"எட்டு சீட்டுன்னா டிரைவரையும் சேர்த்தா, டிரைவர் தனியா?"

ஓட்டுநரையும் சேர்த்துத்தான். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை எட்டு என்று இருந்தால் முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் மூன்று. ஐந்து இருக்கை வண்டியில் பின்னால் சாமான் வைக்க நிறைய இடம் கிடைக்கும். 'சின்னப் பிள்ளைகள்தானே' என்று பன்னிரண்டு பேரை ஏற்றும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. வண்டியின் எடை சுமார் 785 கிலோ. அறுபது கிலோ எடையுள்ள எட்டுப் பேர் ஏறினாலே 480 கிலோ கூடிவிடுகிறது. அதாவது தன் எடையில் பாதிக்கும் மேல் அது ஏற்கெனவே சுமக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும்.

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?"

என் வண்டி ஊருக்குள் 12 முதல் 13 கிலோமீட்டரும், அறுபதைத் தாண்டாமல் நெடுஞ்சாலையில் போனால் 16 கிலோமீட்டரும் தருகிறது. டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பிக் கணக்கிட்ட அளவு இது. இருபது கிடைக்கிறது என்று சொல்லி விற்பவர்களின் பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

"சீட்டுக்கு அடியில எஞ்சின்னா தொடையெல்லாம் வேகாதா?"

சித்திரை, வைகாசியில் சூடு தெரியத்தான் செய்யும். ஆனால் உட்காரவே முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றால் அது வண்டியின் இயல்பு அல்ல, பழுது. இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பும், மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் வெப்பத் தடுப்பு விரிப்பும் பல பழைய வண்டிகளில் கிழிந்தோ காணாமலோ போயிருக்கும். அவற்றைப் புதிதாகப் போட்ட பிறகு என் வண்டியில் சூடு பாதிக்கு மேல் குறைந்தது. அந்த இடைவெளி வழியாகப் புகையும் பெட்ரோல் வாடையும் உள்ளே வரும் என்பதால், இதை வசதிக்கான வேலை என்று தள்ளிப்போடக் கூடாது.

பெரும்பாலான ஆம்னிகளில் ஏ.சி. கிடையாது; இருந்தால், பிறகு வெளியில் பொருத்தியதாக இருக்கும். சுமார் 35 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினிலிருந்து ஏ.சி. கம்ப்ரசரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. தட்டையான சாலையில் அது தெரியாது, மேட்டில் தெரியும்.

"உண்மையைச் சொல்லுங்க, இந்த வண்டி சேஃபா?"

இன்றைய அளவுகோலில் பாதுகாப்பானது அல்ல. இதை மறைத்துவிட்டு இந்த வண்டியைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு நசுங்குவதற்கு முன்னால் ஒரு பகுதியே இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த, இதைவிடப் புதிய ஈகோ வண்டியை கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளவிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2016இல் சோதித்தபோது, ஏர்பேக் இல்லாத அந்த மாடலுக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஆம்னி அதைவிட நன்றாக நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

எதிரெதிர் இருக்கைகளின் குறையும் இங்கேதான் வருகிறது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த இருக்கைகளுக்கு பெல்ட் கிடையாது, தலைக்கு முட்டு கிடையாது. திடீரென்று பிரேக் பிடித்தால் பின்வரிசையில் இருப்பவர் நடுவரிசையில் இருப்பவர் மீது போய் விழுவார். பின்னோக்கி அமர்ந்திருப்பவரின் கழுத்துக்குப் பின்னால் எதுவும் இல்லை. நான் செய்திருப்பது இவ்வளவுதான்: பின்வரிசைக்கு பெல்ட் பொருத்தும் இடம் இருந்ததால் அங்கே பெல்ட் போட்டேன்; நடுவரிசையில் பிள்ளைகளை ஊருக்குள் மட்டுமே உட்கார வைக்கிறேன்; அந்த நீள இருக்கையில் யாராவது இருக்கும்போது நாற்பதைத் தாண்டுவதில்லை. இதனால் வண்டி பாதுகாப்பானதாகிவிடாது; ஆபத்து குறைகிறது.

உங்கள் பயணங்களில் பெரும்பகுதி நான்குவழிச் சாலையில்தான் என்றால், இந்த வண்டியை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

"கைக்குழந்தைக்கு சீட் மாட்ட முடியுமா?"

குழந்தை இருக்கையைப் பிடித்து வைக்க மூன்று முனை பெல்ட்டோ, தயாரிப்பிலேயே வரும் கொக்கிகளோ தேவை. இந்த வண்டியின் பின்னிருக்கைகளில் அவை இரண்டும் பொதுவாக இல்லை. முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வருவது எல்லாவற்றிலும் ஆபத்தானது; மேலே சொன்னபடி முன்னால் நசுங்குவதற்கு இடமே இல்லை. கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு இது முதல் வண்டியாக இருக்கக் கூடாது.

"ஹைவேஸ்ல எவ்வளவு ஸ்பீடு போகலாம்?"

எண்பதுக்கு மேலும் போகும். ஆனால் போகக் கூடாது. என் உச்சவரம்பு அறுபத்தைந்து. உயரம் 1,640 மில்லிமீட்டர், சக்கரம் 12 அங்குலம், எடை குறைவு. லாரியோ பேருந்தோ ஒட்டிக் கடக்கும்போது காற்று முதலில் வண்டியைத் தள்ளும், பிறகு இழுக்கும். முதல் முறை அதை உணர்ந்தவர் பயந்து ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடுவார். விபத்து அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் வண்டி தானாக நேராகிவிடும்.

மழையில் தனியாக ஓட்டும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆளில்லாத வண்டியின் பின்பக்கம் மிகவும் லேசாக இருப்பதால், அழுத்தி பிரேக் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும்.

"மலை ஏறுமா தம்பி? ஏற்காடு, கொடைக்கானல் எல்லாம் போயிருக்கியா?"

ஏறும். முதல் இரண்டு கியரில் பொறுமையாக ஏறும். சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதன் சிறிய திருப்பு ஆரம் பெரிய வரம். மற்ற வண்டிகள் பின்னுக்கு வந்து திரும்பும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்புகிறது.

ஆனால் என் வண்டி அதே பாதையில் ஒருமுறை பாதி வழியில் நின்றது. அதற்கு முந்தைய வாரம் ஒரு பட்டறையில் கூலன்ட் மாற்றியிருந்தார்கள்; குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றாமலேயே மூடிவிட்டார்கள். எஞ்சினும் ரேடியேட்டரும் தள்ளித் தள்ளி இருப்பதால் இந்த வண்டியில் நீண்ட குழாய்கள் ஓடுகின்றன. காற்று சிக்கினால் தண்ணீர் சுற்றாது. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டதும் அம்மாவையும் பிள்ளைகளையும் இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்திருந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்திருக்கும். முள்ளைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். கூலன்ட் மாற்றிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி நிற்கும்வரை நிரப்பச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், கீழே வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

"பழைய ஆம்னி ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். எதையெல்லாம் செக் பண்ணணும்?"

எஞ்சினைப் பிறகு பாருங்கள். முதலில் துருவைப் பாருங்கள். எஞ்சின் எளிமையானது, எந்த ஊர் மெக்கானிக்கும் அதைச் சரிசெய்துவிடுவார். துருப்பிடித்த உடலைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். முன்னிருக்கையின் கால் வைக்கும் விரிப்பைக் கையால் தூக்கிப் பாருங்கள். தரை ஈரமாக இருந்தாலோ, விரலால் அழுத்தும்போது நொறுங்கும் ஒலி கேட்டாலோ கண்ணாடி ரப்பர் வழியாக ஆண்டுக்கணக்கில் மழைநீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து, நகரும் கதவின் கீழ்த் தண்டவாளம். மணலும் தண்ணீரும் தேங்குகிற இடம் அதுதான். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டை உடலோடு சேரும் இடங்களைப் பாருங்கள். அங்கே துரு தின்றிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியென்றால் இந்தச் சோதனைக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

புதுப் பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டால் ஒரு சிறிய காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவுகளின் கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சு இருக்கிறது.

நகரும் கதவை ஒரு கையால் திறந்து மூடிப் பாருங்கள். உருளை தேய்ந்திருந்தால் கதவு முக்கால் தூரம் வந்ததும் தொங்கி, கீழ் விளிம்பு உடலில் உரசும். பெயின்டில் பிறை வடிவக் கீறல் இருக்கும். உருளை மலிவுதான், ஆனால் கதவு ஒழுங்காகப் பூட்டாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. எஞ்சினைப் பொறுத்தவரை, வண்டி முழுவதும் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குள் யாராவது சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், வாங்கியதும் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

"கார்ப்பரேட்டர் வண்டி நல்லதா, எம்.பி.ஐ. நல்லதா?"

எம்.பி.ஐ.தான், அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. காலையில் சோக் இழுக்க வேண்டியதில்லை, புகைச் சோதனையில் தொல்லை இல்லை, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். கார்ப்பரேட்டரைக் கழுவி அளவாகத் திருகிவைக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு பழைய மெக்கானிக் இருந்தால் மட்டும் கார்ப்பரேட்டர் வண்டியை யோசியுங்கள்.

"இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல் இதுக்கு ஆகுமா?"

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஆம்னி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். மேலே சொன்ன எம்.பி.ஐ. வண்டிகளில், புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருந்தால், கணினி ஓரளவு தானே கலவையைச் சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. கலவையில் காற்று அதிகமாகி, எஞ்சின் திணறும், சூடேறும்.

பெரிய கவலை ரப்பர் குழாய்கள்தான். எஞ்சின் உங்கள் இருக்கைக்கு அடியில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இங்கே பெட்ரோல் கசிந்தால் அது உங்களுக்கு நேர் கீழே கசிகிறது. பழைய பெட்ரோல் குழாய்களையும் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

"கேஸ்ல ஓட்டினா மிச்சம்னு சொல்றாங்களே?"

தயாரிப்பிலேயே எல்பிஜியோடு வந்த ஆம்னிகள் உண்டு. ஆர்.சி.யில் எரிபொருள் 'பெட்ரோல், எல்பிஜி' என்று பதிவாகி, தொட்டிக்குச் சோதனைச் சான்று நடப்பில் இருந்தால் ஓட்டலாம். வீட்டு சமையல் சிலிண்டரிலிருந்து வண்டிக்கு கேஸ் ஏற்றுவது குற்றம். அதைவிட முக்கியமாக, மூடிய ஒரு பெட்டிக்குள் உங்கள் பிள்ளைகளோடு கேஸ் கசிவையும் ஏற்றிச் செல்வதாகும். முந்தைய ஓனர் அப்படி ஓட்டிய வண்டி என்று தெரிந்தால், நான் அதை வாங்க மாட்டேன்.

"பதினஞ்சு வருஷம் முடிஞ்சா வண்டியை உடைக்கணுமாமே?"

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. தலைநகர் டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் நீதிமன்ற உத்தரவுகளால் வந்த தடையைக் கேள்விப்பட்டு இங்கே பலர் பயப்படுகிறார்கள். இங்கே சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டித் தகுதி பெற்றால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த வண்டிக்கு 2025இல் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி.

என் வண்டியை 2023இல் காட்டிப் புதுப்பித்தேன். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், பிரேக், டயர், சேஸி எண் ஆகியவற்றைப் பார்த்தார்கள். சேஸி எண் துருவில் மறைந்துபோனதால் அலையும் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி வையுங்கள். இன்ஷூரன்ஸில், 1,000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கான மூன்றாம் நபர் பிரீமியம், 2022இல் நிர்ணயித்தபடி, வரி இல்லாமல் 2,094 ரூபாய். குறைவான தொகைதான், தவறவிட வேண்டாம்.

"கார்கோ ஆம்னி மலிவா வருது. வாங்கி சீட்டு போட்டுக்கலாமா?"

கூடாது. கார்கோ வண்டி சரக்கு வாகனமாகப் பதிவானது. அதன் வரி, தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் எல்லாமே வேறு. பதிவில் உள்ளதை மாற்றி வண்டியின் அமைப்பைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சிலர் ஏற்கெனவே இருக்கை போட்டு, பயணிகள் வண்டி என்றே சொல்லி விற்பார்கள். ஆர்.சி.யில் வாகன வகையையும் இருக்கை எண்ணிக்கையையும் நீங்களே படித்துப் பாருங்கள். விபத்து நேர்ந்தால் உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு இழப்பீடு கிடைப்பதில் சிக்கல் வரும்.

"தெருப் பிள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போய் மாசம் ஒரு தொகை வாங்கிக்கலாமா?"

வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. மேலே சொன்ன அதே இன்ஷூரன்ஸ் சிக்கல் இங்கேயும் வரும். பாதுகாப்பு பற்றிய பதிலையும் படித்துவிட்டு, அடுத்தவர் பிள்ளைகளை இதில் தினமும் ஏற்றலாமா என்று முடிவு செய்யுங்கள். எட்டு இருக்கையில் பதினைந்து பள்ளிப் பைகளோடு போகும் ஆம்னியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"ஸ்பேர் கிடைக்குதா இன்னும்?"

எஞ்சின் சாமான்களுக்குக் கவலையே இல்லை. மாருதி 800 வண்டியோடு பங்கிடும் எஞ்சின் என்பதால் சிறு ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. கதவு உருளை, தண்டவாளம், பக்கக் கண்ணாடி போன்ற இந்த வண்டிக்கே உரிய சாமான்கள்தான் மெல்லக் குறைகின்றன. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதியதும் புதுப்பேட்டையில் பழையதும் தேடலாம். என் கதவின் நடு உருளையைப் புதுப்பேட்டையில்தான் வாங்கினேன். பழையதைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கியதால் சரியாக அமைந்தது.

"அதுக்குப் பதிலா ஈகோ வாங்கிடலாமே?"

பலருக்கு அதுவே சரியான முடிவு. 2010இல் வந்த ஈகோவில் எஞ்சின் 1,200 சிசி அளவில் இருக்கிறது, மேடும் நெடுஞ்சாலையும் எளிதாகின்றன. புதிய மாடல்களில் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. நீளம் 3,675, அகலம் 1,475 மில்லிமீட்டர் என்பதால் சந்துகளில் சற்று அதிகக் கவனம் தேவை, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை திருச்சிக்கோ சென்னைக்கோ போகும் குடும்பம் ஈகோவையே பார்க்க வேண்டும். ஊருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர் வட்டத்தில் முதியவர்களை மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் கூட்டிச் செல்வதுதான் வேலை என்றால், நல்ல உடலுள்ள ஆம்னி அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

"சரி, இதை எப்போ கை கழுவணும்?"

எஞ்சின் பழுதுக்காக நான் விற்க மாட்டேன். மேலே சொன்ன லீஃப் ஸ்பிரிங் இணையும் இடத்திலோ, முன் சஸ்பென்ஷன் ஏறி நிற்கும் தகட்டிலோ துரு ஓட்டை போட்ட அன்று வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அங்கே வெல்டிங் வைத்து ஓட்டுவது தற்காலிகம் என்றாலும் தவறு. பதிவு முடியும் நேரத்தில் தகுதிச் செலவும் டிங்கரிங் செலவும் சேர்ந்து வண்டியின் விலையை எட்டினாலும் அதே முடிவுதான். அப்போதும் தெருவோர வியாபாரியிடம் கொடுக்காமல், அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, பதிவை ரத்து செய்த சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ஆர்.சி. இருக்கும்வரை அந்த வண்டி செய்யும் எதற்கும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

என் வண்டியின் பதிவு 2028இல் முடிகிறது. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கு முன்பும் அதை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பார்க்கிறேன். இந்த ஆண்டு இடது பின்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது. தகடு கெட்டியாக இருந்ததால், தேய்த்து, துருத் தடுப்பு அடித்து இறக்கினோம்.